ஏ என்பவர் பி என்பவருக்குக் கொடுத்த வாக்கு

பகுப்பாய்வுத் தத்துவத்தில் ஆய்வு முதுகலை படிக்கப் போகிறேன் என்றதும் என் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "சாமியாரா போகப் போறியா?" என்பதுதான். முப்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் போகிறவளிடம் வேறு என்ன கேட்பார்கள். சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது; ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று இரண்டு வருஷம் மல்லுக்கட்டுவதுதான் படிப்பு என்று விளக்கினேன். "அதுக்குப் போயி டிகிரியா? வேற வேலையப் பாரு லா" என்றான்.

நான் எடுத்துக்கொண்ட சொல் வாக்கு. ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், அதிலிருந்து நம்மை விடுவிக்கும் உரிமை யாருக்கு? வாக்கைப் பெற்றவருக்கு மட்டும்தான் என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிற பதில். சரி, வாக்கைப் பெற்றவரே அதை அடியோடு மறந்துபோனால்? அப்போதும் அது நம்மைக் கட்டுமா? கட்டாது என்று நிறுவுவதுதான் என் ஆய்வேடு. இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது தோன்றியதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். சுத்தப் பொய்.

அம்மா நல்ல நினைவோடு இருந்த காலத்தில், முதியோர் இல்லத்தில் கிடந்த அவருடைய பழைய தோழியைப் பார்த்துவிட்டு இருவரும் பேருந்தில் திரும்பினோம். சிராங்கூன் சாலையில் ஒரே நெரிசல், வண்டி நகரவே இல்லை. அம்மா சன்னலைப் பார்த்தபடி, "என்னைய இந்த மாதிரி கொண்டுபோய் விட்டுறாதடி" என்றார். "மாட்டேம்மா" என்றேன். "வாய்க்கு வந்தத சொல்லாத. சத்தியமா சொல்லு." சத்தியமாகச் சொன்னேன். அப்புறம் தேக்கா சந்தையருகே இறங்கி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த ஐந்து வருஷத்தில் மறதி நோய் அவரை மொத்தமாக எடுத்துக்கொண்டது. ஆங் மோ கியோ அடுக்குமாடியில் முப்பது வருஷம் குடியிருந்த வீட்டிலேயே கழிப்பறை எங்கே என்று தெரியவில்லை. அடுப்பை எரியவிட்டு வெளியே போனார். இரவு உடையோடு மின்தூக்கியில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தவரைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கூட்டிவந்து விட்டார். பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பணிப்பெண்களும், அம்மா கடித்ததில், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். "பேசாம ஹோம்ல சேர்த்துரலாம்" என்றான் அண்ணன். என் சத்தியத்தைச் சொன்னேன். "ப்ராமிஸ் பண்ணது நீ. நான் பண்ணலயே" என்றான். அவன் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை, அதுதான் எனக்குக் கடுப்பு.

எங்கள் துறையில் உதாரணத்தில் வரும் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. ஏ, பி என்றுதான் எழுத வேண்டும். என்னைவிட ஆறு வயது இளையவரான என் மேற்பார்வையாளர், முதல் அத்தியாயத்தில் 'ஒரு தாய்' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'பி' என்று போட்டார். உறவு உள்ளே வந்தால் வாதம் எங்கே நிற்கிறதென்று தெரியாமல் போய்விடும் என்றார். ஆகட்டும் என்று அம்மாவை பி ஆக்கினேன். என்னை ஏ ஆக்கிக்கொண்டேன். எண்பது பக்கம் எழுதினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பட்டம் வேண்டியிருக்கவில்லை. அம்மாவைக் கொண்டுபோய் விட ஓர் அனுமதி வேண்டியிருந்தது. அதை யாரும் தரமாட்டார்கள் என்பதால் அடிக்குறிப்புகளோடு நானே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அன்று நான் அவர் கண்ணுக்கு ஒரு தாதி, மிஸ்ஸி.

"மிஸ்ஸி, ஏன் அழுவுறீங்க?"

அழுதுகொண்டிருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "எங்கம்மாவுக்கு ஒரு சத்தியம் பண்ணிட்டேன். காப்பாத்த முடியல."

"என்னான்னு?"

"ஹோம்ல சேர்க்க மாட்டேன்னு."

அம்மா வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு யோசித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் யோசிப்பதைப் பார்த்தேன். நான் விடவில்லை. "நீங்க சொல்லுங்களேன். சேர்க்கலாமா?"

"நான் எப்பிடிச் சொல்றது மிஸ்ஸி? அவங்கல்ல சொல்லணும். அவங்ககிட்ட கேளுங்க."

இதை ஏ, பி போட்டு மேற்பார்வையாளரிடம் சொன்னேன். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். உங்கள் வாதத்துக்கு இதைவிட நல்ல எதிர் உதாரணம் கிடைக்காது என்றார். பி எல்லாவற்றையும் மறந்துவிட்டார். ஆனாலும் விடுவிக்கும் உரிமை இன்னொருவருக்குப் போகாது என்று பியே சொல்கிறார். அப்படியென்றால் வாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார். ஆய்வேடு தலைகீழாகிவிட்டதே என்றேன். உண்மை அந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கம்தானே போக வேண்டும் என்றார். போனேன். மறந்தாலும் வாக்கு கட்டும், ஏவுக்கு விடுதலை இல்லை என்று முடித்துச் சமர்ப்பித்தேன்.

அடுத்த வாரம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து அவரை நேரே இல்லத்துக்குத்தான் கொண்டுபோனோம். படிவத்தில் அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டோம். அவன் சட்டென்று போட்டுவிட்டான். அவன் யாருக்கும் சத்தியம் பண்ணியிருக்கவில்லையே.

மூன்று மாதம் கழித்துத் தேர்வாளர்களின் அறிக்கை வந்தது. வாதம் உறுதியாக இருக்கிறது, தேர்ச்சி தரலாம் என்று இருவருமே எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு திருத்தம் கேட்டிருந்தார்: நான்காம் அத்தியாயத்தில் வரும் உதாரணம் செயற்கையாக இருக்கிறது, எல்லாம் மறந்த ஒருவர் எதிரில் இருப்பது யாரென்று தெரியாமல் இவ்வளவு பொருத்தமாகப் பேசுவார் என்பதை நம்ப முடியவில்லை, இயல்பான வேறு உதாரணம் போடவும். சின்னத் திருத்தம்தான், வாதாட வேண்டாம், முடித்துக் கொடுங்கள் என்றார் மேற்பார்வையாளர்.

முடித்துக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை இல்லத்துக்கே எடுத்துப்போய், அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து எழுதினேன். பி இப்போது விபத்தில் நினைவிழந்த ஒரு கப்பல் கம்பெனி முதலாளி. ஏ அவருடைய கூட்டாளி. இருவரும் வழக்கறிஞர் மூலம் பேசிக்கொள்கிறார்கள். இது நம்பும்படியாக இருக்கிறது என்று பிறகு பதில் வந்தது.

"என்னா மிஸ்ஸி எழுதுறீங்க?" என்று அம்மா கேட்டார்.

"பரீட்சைம்மா."

"நல்லா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கப் பார்க்க, 'அவங்ககிட்ட கேளுங்க' என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அழித்தேன்.