அக்கா வீட்டுக் காற்று

சிதம்பரத்தில் நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. அடுப்புப் புகையைப் பற்றி என்றால் சிரிப்பார்கள். விறகு எரிக்கும் வீட்டிலும் கேஸ் அடுப்பு வீட்டிலும் காற்றில் எவ்வளவு தூசு என்று அளப்பதுதான் வேலை. கையில் இருந்தது ஒரே மிஷின். காற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் வெள்ளைத் தாளில் தூசைப் பிடித்து வைக்கும். வீட்டுக்குச் சில நாள் ஓடவிட்டு, வீடு வீடாக அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

கேஸ் வீட்டுக்கு அக்கா வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கம். நாற்றத்துக்குப் பயந்து கூடத்து ஜன்னலை அவள் திறப்பதே இல்லை. விறகு வீட்டுத் தாள்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் வந்திருந்தன. அக்கா வீட்டுத் தாள் பழுப்பேறிக் கறுத்து வந்தது. மறுபடி வைத்தேன், மறுபடியும் அப்படியே. மிஷினிலேயே கோளாறோ என்று, அதை அங்கேயே விட்டுத் தாள்களோடு சிதம்பரத்துக்கு ஓடினேன்.

“மிஷின் கெட்டிருந்தா எல்லா வீட்டையும் முதல்லேர்ந்து அளக்கணும்மா” என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியை. எத்தனை மாத அலைச்சல்! ஆலைப் புகைதான் மிஷினைக் கெடுத்திருக்கும் என்று, ஆத்திரத்தில் சிப்காட் புகைபோக்கிகளை ஒன்று விடாமல் திட்டினேன். ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று மிஷினை எடுத்துவரக் கடலூர் பஸ் ஏறினேன்.

விளக்கு வைக்கிற நேரம். அக்கா தூபக்காலோடு வந்தாள். சாமி படம், பீரோ, தையல் மிஷின் என்று வரிசையாகச் சாம்பிராணி காட்டியவள், என் மிஷின் முன்னால் உட்கார்ந்தே விட்டாள். அது காற்று இழுக்கும் வாயில் தூபக்காலைப் பிடித்து முந்தானையால் விசிறினாள்.

“அக்கா! இன்னா பண்ற?”

“உன் படிப்பே இதுலதான இருக்கு? நீ வச்சதுலேர்ந்து தெனம் காட்டுறேன். பாரு, எப்படி இழுக்குதுன்னு! நல்லா இழுக்கட்டும்னு இதுக்கு மட்டும் ஜாஸ்தி நேரம்.”

கத்த வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது, கூடவே அழுகையும். மிஷின் நன்றாக இருக்கிறது. மற்ற வீட்டுத் தாள்கள் எல்லாம் தப்பித்தன. இந்த ஒரு வீட்டை மட்டும் திரும்ப அளந்தால் போதும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாடி, உன் தங்கச்சிக்கு சாமி வந்துடுச்சா?” என்று மாமா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா முகம் சுருங்கியது. “நான்தான் கெடுத்துட்டனா?” என்றாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அடுத்த முறை சாம்பிராணி இல்லாமல் அளந்தோம். தாள் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். பையிலிருந்த பழைய தாளையும் எடுத்து அக்கா கையில் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“மிஷினோட சேந்து நாங்களும் இதைத்தான பாப்பா தெனம் இழுத்தோம்?”

நான் தலையாட்டினேன். தாள்களை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, எழுந்துபோய்க் கூடத்து ஜன்னலைத் திறந்தாள்.