பாவாவின் அட்டை

எண்பதுகளின் தொடக்கத்தில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை நான் சும்மா இருந்த காலத்தில், கல்முனைக் கடற்கரையில் நாங்கள் ஐந்து பேர் அசர் தொழுகைக்குப் பிறகு கூடி ஒரு விளையாட்டு விளையாடினோம். அதைக் கண்டுபிடித்தவன் நான். அந்தப் பெருமையில் தலை கால் தெரியாமல் இருந்தேன். பழைய கல்யாண அழைப்பிதழ்களை வெட்டி, பின்புறத்தில் ஊரில் உள்ள ஆட்களை எழுதினேன்: போடியார், புடைவைக்கடை முதலாளி, லொறிக்காரர், மரைக்காயர், பொலிஸ்காரர், நோன்புக்கு எழுப்பும் பாவா. ஆளுக்கொரு அட்டையை விரும்பி எடுத்து, ஒரே பின்னேரத்துக்குள் முஹர்ரம் தொடங்கிப் பன்னிரண்டு மாதத்தையும் ஓட்டி, அந்த ஆளாகவே கதைக்க வேண்டும். நிலக்காரப் போடியார் சவளக்கடை ஊர்ப் பக்கம் வயல் விதைப்பார். முதலாளி விலையை ஏற்றுவார். மரைக்காயர் பள்ளிவாசலில் வழக்குத் தீர்ப்பார். புளியங்கொட்டைதான் காசு; வருடம் முடியும்போது யாரிடம் அது அதிகமோ அவருக்கே வெற்றி.

பாவா அட்டைக்கு ஒரே ஒரு மாதம்தான் வேலை. நோன்பு வந்ததும் றபான் மேளம் அடித்து எல்லோரையும் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பலாம். பெருநாளன்று வீடு வீடாக வந்து கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லக் கூடாது. மற்றப் பதினொரு மாதமும் வாய் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எங்களில் ஒருவன் மட்டுமே அதை எடுப்பான். அவன் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவன். ஆலையில் ஆள் மாற்றி ஆள் அவனை ஏவினார்கள். எங்களிடமும் அதிகம் கதைக்க மாட்டான். ஆனால் நோன்பு மாதம் வந்துவிட்டால் பிஸ்கட் தகரப் பேணியை மடியில் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுவான் பாருங்கள், கரைவலை இழுக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். போடியாரை எழும்பச் சொல்லி அதட்டுவான். முதலாளியின் சோம்பலைப் பகிடி பண்ணுவான். நாங்கள் சிரித்துச் சிரித்து மணலில் புரளுவோம். அவன் ஒரு தடவையும் வென்றதில்லை. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதும் இல்லை.

எங்களோடு விளையாடிய இன்னொருவன், உண்மையாகவே ஒரு புடைவைக்கடைக்காரரின் மகன். வெல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஒரே ஒருத்தன் எடுக்கிற அட்டைக்காக எல்லோரும் மினைக்கெடுவதா என்று என்னை அரித்தெடுத்தான். பொலிஸ்காரர் அட்டையை ஒருவருமே தொட்டதில்லை, அதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. எனக்கும் அது அப்போது உறைக்கவில்லை. எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று தலையை எண்ணினால் போதும் என்று நினைத்தேன். புதுக் கொப்பியில் சட்டங்களைத் திருத்தி எழுதியபோது பாவாவை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அட்டைகளைப் பரப்பியதும் ஆலையில் மூட்டை தூக்குகிறவன் பாவாவை இரண்டு தரம் தேடினான். லொறிக்காரரை எடு, வெல்லலாம் என்றேன். ஓம் என்று எடுத்தான். சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஆட்டத்தில் ஒன்பதாவதான நோன்பு மாதம் வந்தது, போனது. யாரும் யாரையும் எழுப்பவில்லை. அடுத்த நாள் அவன் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை.

அவன் இல்லாமல் ஆட்டம் உப்புச் சப்பற்றுப் போனது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது. நல்ல தடித்த அழைப்பிதழ் ஒன்றை வெட்டி, என்னால் முடிந்த அழகான எழுத்தில் பாவா என்று எழுதி, பக்கத்தில் றபானும் கீறி, ஆலைக்கே கொண்டு போய்க் கொடுத்தேன். உமித்தூசி படிந்த கையைச் சாறனில் துடைத்துவிட்டு வாங்கினான். படத்தைப் பார்த்துச் சிரித்தான். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு அட்டையை என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்தான்.

“முந்தி அது மத்த அட்டையளோட சேந்து கிடந்திச்சி மச்சான். எனக்குப் புடிச்சிருந்திச்சி, எடுத்தன். இப்ப நீ எனக்கெண்டு எழுதிக் கொண்டு வந்திரிக்காய். இத நான் எப்பிடி எடுக்கிற?”

உள்ளேயிருந்து யாரோ அவனை அதட்டிக் கூப்பிட, அவன் போய்விட்டான்.