தவமணி ரீச்சரின் வலது கை

சென்ற வெள்ளிக்கிழமை காலை தவமணி ரீச்சரின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "சேர், அக்கா மோசம் போயிட்டா. உங்களுக்குச் சொல்லாம இருக்க மனம் கேக்கல்ல." பெரியகல்லாற்றிலிருந்து வெல்லாவெளிக்குப் போனேன். சவப்பெட்டிக்குள் கோணிக் கிடந்த விரல்களைப் பார்த்துவிட்டு, எங்களோடு படிப்பித்த ஒருவர் என் காதருகே கேட்டார்: "ரீச்சருக்குக் கையில என்ன சேர்?" எனக்குத் தெரியும். தெரிந்தும் பல வருடங்கள் வாய் திறக்காதவன் நான்.

நான் அதிபராக இருந்த பாடசாலையில் அவர் விஞ்ஞானம் படிப்பித்தார். கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதுவார். பின்வரிசை வாங்குகளில் இருக்கும் பிள்ளைகள் எழும்பி நின்று பார்த்து எழுதுவார்கள். காலையிலும் அடிக்கடி பிந்தித்தான் வருவார். ஒரு நாள் ஆசிரியர் கூட்டத்தில், "பலகையிட மேல்பாதியை ரீச்சர் ஆருக்கும் குத்தகைக்குக் குடுத்திட்டாவோ?" என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிக்காமல் வேறென்ன செய்ய முடியும் அவருக்கு?

மறுநாள் அவருடைய வகுப்பைத் தாண்டிப் போனபோது பலகை மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தது. என் பேச்சு வேலை செய்துவிட்டதென்று பெருமைப்பட்டேன். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி உயர்த்தி அவர் எழுதியதை, அந்த வகுப்புப் பிள்ளை ஒருத்தி பின்னொரு நாள் சொல்லித்தான் அறிந்தேன்.

சில மாதங்களின் பின் என் மனைவியின் முழங்கால் வலிக்காக மட்டக்களப்பில் மூட்டு நோய்க் கிளினிக்குக்குப் போனோம். வரிசையில் ரீச்சர் இருந்தார். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் தங்கை திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். முடக்குவாதம். விரல், மணிக்கட்டு, தோள்மூட்டு எல்லாவற்றையும் பிடித்திருந்தது.

"காலையில விரல் ஒண்டும் மடங்கா சேர். சுடுதண்ணிக்குள்ள ஒரு மணித்தியாலம் வச்சாத்தான் சீலைக்கு ஊசி குத்த ஏலும்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"மெடிக்கல் போர்ட்டுக்கு அனுப்பி வேலையால நிப்பாட்டிருவீங்க எண்டு பயம். படிப்பிக்காம வீட்ட இருந்தா நான் முழுசா முடங்கிப் போவன்."

பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். "பரவாயில்ல சேர். ஆனா கூட்டத்துல சொன்னத்தக் கூட்டத்துல தானே திருப்பி எடுக்கணும்?" ஓம் என்றேன்.

அவருடைய வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். முதல் பாடவேளையை ஓய்வாக விட்டேன். அவையெல்லாம் எனக்குச் சுலபமாக இருந்தன. கூட்டம் மட்டும் மாதாமாதம் வந்து போனது. ஒவ்வொரு முறையும் நேரம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சிரிக்கவைத்த அதே வாயால் தலைகுனிய எனக்கு மனம் வரவில்லை.

என் பிரியாவிடையில் அவரும் பேசினார். "என்ட கைக்கு ஏலாத நேரத்துல சேர் எனக்கு உதவி செய்தவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். அன்று சிரித்த எல்லோரும் அங்கே இருந்தார்கள். நான் புதுக் கட்டிடத்தைப் பற்றியும் பெற்றோரின் ஒத்துழைப்பைப் பற்றியும் பேசிவிட்டு இறங்கினேன். படியடியில் ரீச்சர் நின்றார். "கவனமாப் போங்க சேர்" என்றார்.

அதன் பிறகு நோய் நுரையீரலையும் தொட்டதாம். ஓய்வு வயது வருமுன்னே போய்விட்டார். கடைசிப் பாடசாலைத் தவணை வரை படிப்பித்தார்.

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். தவமணி ரீச்சர் சோம்பேறி அல்ல. எங்கள் எல்லோரையும் விட அதிக வலியோடு வேலைக்கு வந்தவர் அவர். அவரை ஏளனம் செய்தது நான். நீங்கள் சிரித்தது என் வார்த்தைக்கு. அந்த வார்த்தையை உங்கள் எல்லோர் முன்னாலும் திருப்பி எடுக்கிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது கிளினிக்கில் கேட்ட அந்த ஒரே கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, அவர் இல்லாத இந்தக் கூட்டம் வரை காத்திருந்தேன்.