பன்னிரண்டு அடி வானம்

1955, தை: என் தங்கையின் கணவர், கோவில்பட்டியை அடுத்து முகாமிட்டிருந்த ஒரு டூரிங் டாக்கீஸில் பார்த்துவந்த ஆப்பரேட்டர் வேலையை விட்டார். பங்குனியில், பதினாறு மில்லிமீட்டர் கேமரா ஒன்றை மதுரையில் பழையதாக வாங்கினார்.

1957, சித்திரை: கழுகுமலைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் அவருடைய நகைச்சுவைப் படத்தின் படப்பிடிப்பு தொடங்கியது. படத்தின் பெயர் ‘முன்சீப் சட்டை’.

1958, ஐப்பசி: கடைசிக் காட்சி எடுக்கப்பட்டது. அன்று மழை பெய்தது.

1960, ஆனி: மதுரை விநியோகஸ்தர் ஒருவர் படத்தைப் பார்த்தார். எடுத்துக்கொள்ளவில்லை.

1965, கார்த்திகை: கடைசிக் காட்சியை மறுபடி எடுக்கச் சென்றோம். எடுக்கவில்லை.

1968, மாசி: அவர் காலமானார். வயது நாற்பத்து நான்கு. படம் முடிவுபெறவில்லை.

கல்லூரியில் சரித்திரம் கற்பிப்பவன் ஆகையால் எதையும் ஆண்டு வரிசையில் எழுதிவைத்துக்கொள்வது என் பழக்கம். மேலே உள்ள எந்த வரியிலும் பிழை இல்லை. ஆனால் ‘அன்று மழை பெய்தது’ என்ற மூன்று சொற்கள், பத்து ஆண்டுகளாக நான் ஒளிந்துகொண்டிருக்கும் இடம். அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவரை நான் ‘மாப்பிள்ளை’ என்றே அழைத்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். படம் ஓட்டும் வேலையில் இருந்த ஆண்டுகளில், திரையில் ஓடிய படங்களை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆப்பரேட்டர் அறையின் சிறு சன்னல் வழியாகக் கூட்டத்தின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு எப்போதும் தரையில் உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து புறப்படுகிறது, பெஞ்சைத் தாண்டி நாற்காலிக்கு வந்து சேர இரண்டு நொடி ஆகிறது என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னபோது, அதை ஒரு வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அவர் அதை வாழ்க்கையின் ஆதாரமாக எடுத்துக்கொண்டிருந்தார். மதராஸில் எடுக்கப்படும் படங்களில் நகைச்சுவைப் பகுதி, சோகக் கதையின் நடுவே வெற்றிலை போட எழுந்து போகும் நேரத்துக்காக வைக்கப்படுகிறது என்பது அவருடைய மனக்குறை. முதலிலிருந்து கடைசிவரை தரையில் இருப்பவன் சிரித்துக்கொண்டே இருக்கும் படம் ஒன்றை, ஒருவரிடமும் அனுமதி கேட்காமல், இந்தக் கரிசல் காட்டிலேயே எடுக்க வேண்டும் என்று விரும்பினார்.

கதை எளியது. மழை பொய்த்த ஓர் ஊரில் கொடும்பாவி கட்டி இழுக்கிறார்கள். எவனோ ஒரு பாவி ஊருக்குள் இருப்பதால்தான் மழை இல்லை என்று வைக்கோலில் ஒரு மனிதனைச் செய்து, பிணமாகப் பாவித்து, பெண்கள் ஒப்பாரி வைக்கத் தெருத் தெருவாக இழுத்துப்போய் ஊருக்கு வெளியே கொளுத்தும் அந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. படத்தில், யாரோ ஒருவன் அவசரத்தில் கிராம முன்சீப் வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து அந்த வைக்கோல் பொம்மைக்குப் போட்டுவிடுகிறான். முன்சீப் தன் சட்டையைத் தேடி வருகிறார். பிணத்தின் மேலிருக்கும் சட்டையைக் கழற்றலாகாது என்கிறது ஊர். அவர் விடாமல் ஊர்வலத்தின் பின்னாலேயே போகிறார். போகப் போக, சட்டைக்கு உரியவரே பாவத்துக்கும் உரியவர் என்ற எண்ணம் ஊருக்கு வலுக்கிறது. கடைசியில் ஒப்பாரி வைக்கும் பெண்களிடம் அவர் விளக்குமாற்று அடி வாங்கிக்கொண்டு ஓடுகிறார். ஊரார் வரி கட்டும் நாளில் அவர் பேசிய பேச்சுக்கெல்லாம் அந்த அடி பதில். அங்கே படம் முடிய வேண்டும். முன்சீப்பாக மாப்பிள்ளையே நடித்தார்.

1958இல் புரட்டாசி போய் ஐப்பசியும் பாதி கழிந்த பிறகும் மழை இல்லை. விதைத்த விதை முளைக்கவில்லை. அந்த ஊரில் உண்மையாகவே கொடும்பாவி கட்டத் தீர்மானித்தார்கள். மாப்பிள்ளை போய்க் கேட்டார். “சடங்கு சடங்கா நடக்கும். நடுவுல நீங்க வந்து அடி வாங்கிட்டுப் போறதுன்னா எங்களுக்கு ஆட்சேபணை இல்ல” என்றார் ஊர்ப் பெரியவர். வழக்கமாகக் கேமராவைப் பிடிக்கும் ஸ்டுடியோக்காரர் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. கழுகுமலைக் கல்வெட்டுகளைப் படமெடுத்துப் பழகியவன் என்ற ஒரே தகுதியில் கேமரா என் கைக்கு வந்தது. கல்வெட்டு அசையாது என்று நான் தயங்கியபோது, “அப்பம் நீங்க கல்வெட்டு மாதிரி நில்லுங்க மச்சான். ஆடுதது எங்க வேலை” என்றார்.

அந்தக் கேமராவுக்குச் சாவி கொடுத்தால் அரை நிமிடம் ஓடும். அதற்குள் காட்சி முடிந்துவிட வேண்டும். முன்னின்று ஒப்பாரி சொன்னவள் பருத்தி எடுக்கப் போகும் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். அவளுக்கு யாரும் வசனம் சொல்லித் தரவில்லை. படத்துக்கு ஒலி பின்னால்தான் சேர்க்கப்பட இருந்தது. நான் விசையை அழுத்தினேன். மாப்பிள்ளை பொம்மையின் மேல் விழுந்து பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்:

“உம்ம சட்டையா? நல்லாப் பாத்துச் சொல்லும்.”

“என் சட்டைதான்.”

“சட்டை உம்மதுன்னா பாவமும் உம்மதுதானவே?” என்றவள், மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்து, “ஏட்டி, செத்தவன் எந்திரிச்சி வந்துட்டான். இன்னும் என்னட்டி அழுதுக்கிட்டு? வாரியல எடுங்க” என்றாள்.

விளக்குமாறு உயர்ந்தது. அந்த நொடியில் என் மணிக்கட்டில் ஒரு துளி விழுந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன்.

இதை இதைவிட நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் பிறந்து வளர்ந்தது இந்த மண்ணில். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலத்தின் நடுவே நிற்கும்போது மேலே ஒரு துளி விழுந்தால், எங்கள் பக்கத்து மனிதன் கையில் எது இருந்தாலும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பான். பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் இடும் நேரமாக இருந்தாலும் பார்ப்பான். ஊர்வலத்தில் வந்த அத்தனை பேரும் அண்ணாந்தார்கள். ஆனால் அவர்களுடைய கைகளில் கேமரா இல்லை. விளக்குமாறு வைத்திருந்தவளும் அடி வாங்கியவரும் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் வேலையில் இருந்தார்கள். நான் மறுபடி குனிந்தபோது சாவி தீர்ந்து கேமரா நின்றிருந்தது. மாப்பிள்ளை வரப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவருடைய தலைமுடியில் ஈர்க்குச்சிகள் செருகிக் கிடந்தன. “ஆச்சா மச்சான்?” என்று கேட்டார்.

“ஆச்சு” என்றேன்.

என் கண் வானத்துக்குப் போனது எனக்குத் தெரியும். கண்ணோடு கேமராவும் போயிற்றா என்பது தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல நேரமும் இருந்தது. நனைந்த வைக்கோல் பற்றிக்கொள்ள மறுத்தது. தீப்பெட்டி செய்கிற சீமையில் மூன்று பெட்டி காலியாகியும் புகைதான் வந்தது. கால்மணி நேரம் அந்தப் பொம்மை, சட்டையோடு, வேம்பின் அடியில் முழுதாகக் கிடந்தது. “இன்னொரு தடவ வேணும்னா இப்பமே எடுத்துருவோம். எல்லாருக்கும் சூடு இருக்கு” என்று மாப்பிள்ளை சொன்னார். அந்தப் பெண்ணும், “இன்னும் நாலு அடி பாக்கி இருக்கு மொதலாளி, வாங்கிக்கிடுதீங்களா?” என்று சிரித்தாள். நான் வேண்டாம் என்றேன். ஊரெல்லாம் கேட்க, ஒரு பேராசிரியர், தம் தங்கையின் கணவரிடம், மழையைப் பார்த்ததில் வேலையைக் கோட்டைவிட்டேன் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அப்போது என் யோசனை. பிறகு தீ பற்றிக்கொண்டது. பின்னொரு நாள் இன்னொரு பொம்மை கட்டித் தரும்படி மாப்பிள்ளை கேட்டபோது ஊர்ப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். “பெஞ்ச மழையத் திருப்பி அனுப்பச் சொல்லுதீங்களா அண்ணாச்சி?”

பம்பாய்க்குக் கழுவ அனுப்பிய சுருள் மூன்று வாரம் கழித்து வந்தது. கோவில்பட்டியில் பஞ்சு மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியின் கதவுகளைப் பகலில் சாத்திவிட்டு ஓட்டிப் பார்த்தோம். அவர் பொம்மையின் மேல் விழுகிறார். அவள் திரும்பிப் பேசுகிறாள். விளக்குமாறு உயர்கிறது. பிறகு கூட்டத்தின் தலைகள் சரிந்து கீழே போகின்றன, வேம்பின் உச்சி கடந்து போகிறது, அதன்பின் பன்னிரண்டு அடி நீளத்துக்கு வானம். இருபது நொடி. ஒரு மனிதன் அடி வாங்கிக்கொண்டு ஓடுவதற்கு எடுத்துக்கொண்ட அதே இருபது நொடி. மாப்பிள்ளை இயந்திரத்தை நிறுத்தினார். “மேகம் நல்லா விழுந்திருக்கு” என்றார். என்னை அவர் ஏசவில்லை, அன்றும், அதற்குப் பிறகும். ஏசியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எண்ணிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

மதுரை விநியோகஸ்தர் பார்த்ததும் அதே கிட்டங்கியில்தான். மூட்டை தூக்கும் ஆட்களையும் உட்கார வைத்திருந்தோம். சிரிப்பு மாப்பிள்ளை சொன்னபடியே தரையிலிருந்து கிளம்பி, விநியோகஸ்தரின் நாற்காலிக்கும் வந்து சேர்ந்தது. கடைசியில் வானம் வந்தபோது எல்லோரும் அடங்கினார்கள். விநியோகஸ்தர் மரியாதையாகக் கேட்டார், “முடிவுல வானத்தக் காட்டுறீங்களே, அது என்ன தத்துவம்?” மாப்பிள்ளை என் பக்கம் திரும்பாமலே, “தத்துவம் இல்லண்ணாச்சி. மச்சான்” என்றார். அந்த அறையில் நான் ஒருவன்தான் சிரிக்கவில்லை.

விநியோகஸ்தர் ஒரு வழி சொன்னார். அந்த வானத்தோடு இன்னும் கொஞ்சம் மழையைச் சேர்த்து, ஒரு பாட்டையும் போட்டால் படம் முடிந்துவிடும். நானும் அதையே பல மாதங்கள் வற்புறுத்தினேன். என் பிழை ஒரு முடிவாக மாறிவிடும் என்ற நப்பாசை எனக்கு. மாப்பிள்ளை இசையவில்லை. “மழை பெஞ்சா ஊர் நெனச்சது சரின்னு ஆயிரும் மச்சான். முன்சீப் நெசமாவே பாவின்னு ஆயிரும். அது பக்திப் படம்லா? எனக்கு மழை வேண்டாம். அவர் அடி வாங்கிட்டு ஓடணும், வானம் சும்மா கெடக்கணும்.” அவருடைய பிடிவாதம் எனக்கு அப்போது பெரும் எரிச்சலைத் தந்தது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் எந்த ஊரும் கொடும்பாவி கட்டச் சம்மதிக்காது. மழை இல்லாத ஆண்டில் சிரிப்பதற்கு யாருக்கும் மனம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் கிடைக்கும் என்று அவர் காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் திருமண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டினார்.

1965இல் அந்த ஊரே அவரைத் தேடி வந்தது. மழை இல்லை, கொடும்பாவி கட்டுகிறோம், கேமராவோடு வாருங்கள் என்றார்கள். ஏழு ஆண்டுகளில் அவர் முகத்தில் அப்படி ஓர் ஒளியை நான் கண்டதில்லை. என்னையே கேமரா பிடிக்கச் சொன்னார். ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடலாமே என்றேன். “நீங்கதான் புடிக்கணும்” என்றார். ஊருக்குள் நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று உணர்ந்தேன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டார்கள். முன்சீப் சட்டையோடு நின்ற அவருடைய நெற்றியில் ஒருவர் திருநீறு பூசினார். முதல் முறை அவர் வந்து அடி வாங்கிய அன்று மழை பெய்தது அல்லவா, அதனால் அவர் வந்து நின்றாலே போதும் என்று ஊர் நம்பியிருந்தது. பழைய பெண்தான் ஒப்பாரிக்கு முன்னின்றாள். மாப்பிள்ளை அவளிடம் விளக்குமாற்றை நீட்டினார். அவள் வாங்கவில்லை. குனிந்து அவருடைய காலைத் தொட்டாள்.

“என்னம்மா இது? அன்னைக்கு நாலு அடி பாக்கின்னு சொன்ன. அடி.”

“அது அறியாம அடிச்சது சாமி. இப்பம் ஒங்க மேல கை வச்சா வர்ற மழையும் நின்னு போகும்.”

“நான் சாமி இல்ல தாயி. நான் முன்சீப்பு. சட்டைத் திருடன்னு நெனச்சாவது ஒரு அடி போடு.”

அவள் அழத் தொடங்கினாள். அந்த அழுகை ஒப்பாரி அல்ல. மாப்பிள்ளை விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு, மாலையைக் கழற்றி மடித்தார். கேமராவை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பேருந்தில் வரும்போது, “நம்மளப் பக்திப் படத்துல போட்டுட்டாங்க மச்சான்” என்று மட்டும் சொன்னார். அவரைத் தெய்வமாக்கியது அந்த ஊர் அல்ல, ‘ஆச்சு’ என்று நான் சொன்ன ஒரு சொல். அன்றே இரண்டாம் முறை எடுத்திருந்தால், படம் ஊர் ஊராகப் போயிருக்கும். அவர்களும் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அவர் அடி வாங்கிய மனிதராகவே இருந்திருப்பார்.

இந்த மாசியில், இருதயக் கோளாறால், இரண்டு நாள் படுக்கையில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்த ஊரிலிருந்து பதினைந்து பேர் வந்திருந்தார்கள். “மழை கொண்டாந்த மனுசர்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் பெரியவர். மறுக்கும் கடமை எனக்கு இருந்தது. நான் தலையசைத்தேன்.

செய்யாமல் நிற்பவை:

மூன்றாம் சுருளுக்கு வசனம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டது. முதல் பக்கத்தோடு நிற்கிறது.

தங்கையின் வீட்டுப் பரணில் உள்ள ஐந்து பட டப்பாக்களை இறக்கி, மதராஸில் பாதுகாப்பான ஓரிடத்துக்கு அனுப்புவது.

பருத்தி எடுக்கும் அந்தப் பெண்ணுக்குப் படத்தைப் போட்டுக் காட்டுவது. அவள் தன்னைத் திரையில் இன்னும் பார்க்கவில்லை.

அந்த ஊருக்குப் போய், அவர் மழை கொண்டுவந்தவர் அல்லர் என்று சொல்வது.

அன்று ‘ஆச்சு’ என்று நான் சொன்னது பொய் என்பதைத் தங்கையிடம் சொல்வது. நேற்றும் இதற்காகவே போயிருந்தேன். காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.