மயிலிறகுத் தக்கை

ஏழு வயதில் எனக்கு வாய் நீளம். அந்த வாயால் என் மாமாவின் கல்யாணத்தை நானே நிறுத்தினேன்.

மாமா, அம்மாவின் தம்பி. முப்பதைத் தாண்டியும் அவருக்குப் பெண் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குத் தூண்டில் போடப் போவார். மற்றவர்கள் தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மீன் தொட்டதும் விரலுக்குத் தெரிந்துவிடும். மாமாவுக்கு மட்டும், முங்கினால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, நரம்பில் ஒரு தக்கை மிதக்க வேண்டும். அதிலும் லேசில் திருப்தி வராது. பாட்டில் தக்கையைக் கட்டிப் பார்த்தார். கெண்டை புழுவைத் தின்றுவிட்டுப் போன பிறகும் அது பிள்ளையார் மாதிரி அசையாமல் கிடந்தது. நெட்டித் தண்டு பரவாயில்லை, ஆனால் காற்றுக்கும் ஆடியது. கடைசியில், செட்டிகுளம் மலையடியில் நான் பொறுக்கி வந்த மயிலிறகின் தண்டை நறுக்கி, கீழே துளி ஈயம் வைத்து, நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி கட்டினார். மீன் மூச்சு விட்டாலே நுனி முங்கியது.

“இதுதான் பாப்பா எனக்கு வெரலு” என்றார். எங்கள் ஊரிலேயே பெரிய கெட்டிக்காரர் என் மாமாதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் செந்துறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மாமா அடிக்கடி கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்தார். பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதற்கு முதல் நாள், ஏரிக்கரையில் புழுவைக் கோக்கும்போது தூண்டில் முள் மாமாவுடைய கட்டைவிரலில் ஏறிவிட்டது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். ரத்தத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன். துணியிலிருந்து ஊசியை உருவுவது போல முள்ளை உருவினார். முகம்கூடச் சுளிக்கவில்லை.

“வூட்டுல சொல்லிடாத பாப்பா.”

பெருமையடித்துக்கொள்ளப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் இலை போட்டாயிற்று. சம்மதம் என்றால்தான் பெண் வீட்டார் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் பேச்சு மாறாது. பெண்ணின் அப்பா இலை முன்னால் உட்காரும்போது மாமாவின் விரலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்து, “என்ன மாப்ள காயம்?” என்றார். மாமா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“தூண்டி முள்ளு உள்ளயே போயிருச்சு. எங்க மாமாவுக்கு வலிக்கவே இல்ல! குத்துனதே தெரியல!”

பெண்ணின் அப்பா முதலில் சிரித்தார். பிறகு, “குத்துனதே தெரியலையா பாப்பா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். மாமா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. இன்னொரு நாள் வரோம்” என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார்.

தண்ணீர் தெளித்த இலைகள் அப்படியே கிடந்தன. அம்மா அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தாம் வகுப்பில் சுகாதார ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் இறகால் தொட்டார். தொட்டது தெரியாவிட்டால் குஷ்டமாக இருக்கலாம், மருந்து உண்டு, பயப்பட வேண்டாம் என்றார். பாவி நான், மூடிய கண்ணோடு அழுதேன். மாமாவுக்கு அதற்குள் குணமாகியிருந்தது. கல்யாணம்தான் கடைசிவரை ஆகவில்லை.

பெண் வீட்டார் போன மறுநாளே அவர் திருச்சி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். கிளம்புமுன் தூண்டிலை எடுத்து, முடிச்சை விரலால் அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அறுத்து, அந்தத் தக்கையை என் கையில் வைத்தார்.

“நீயே வச்சுக்க பாப்பா.”

நாலு பேர் முன்னால் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசியதற்குப் பரிசு என்று நினைத்து, அதைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன்.