பின்சந்தில் விட்டுப்போன உயிர்

ஓன்சி சித்தி அந்தக் கைவலையை வளர்ப்பு மீன் விற்கும் கடையில் வாங்கினாள். பச்சை நைலான் வலை, நீளமான அலுமினியப் பிடி. வசதியான வீடுகளில் மீன்தொட்டியில் மிதக்கும் சருகை அள்ளுவதற்கான சாமான்.

“என்ன மீன் வளர்க்கிறீங்க?” என்று கடைக்காரர் கேட்டார்.

சித்தி வலையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். வெளியே வந்ததும் என்னிடம், “நைலான்ல நிக்குமாடி? வழுக்கிட்டுப் போயிறாதா?” என்றாள்.

“நூல் வலையைத் தேடி இப்ப ஊருக்கா போக முடியும் சித்தி?”

“நாலு தேசம் சுத்திட்டு வந்தவ நீ. உனக்கு எல்லாமே லேசு.”

ஊரில், பாங்காக்குக்கு வடகிழக்கே இருக்கும் காலசினில், எல்லா வீட்டுச் சுவரிலும் மூங்கில் வளையம் போட்ட கைவலை தொங்கும். வயல் தண்ணீரில் நண்டும் பொடிமீனும் அள்ளுகிற வலை. யாராவது பயந்து விழுந்துவிட்டால், விழுந்த இடத்துக்கு அதே வலையை எடுத்துப் போய் அவர்களுடைய குவானை அள்ளி வருவோம். உடம்போடு ஒட்டியிருக்கிற உயிருக்குத்தான் அந்தப் பெயர். அதிர்ச்சியில் அது கழன்று விழுந்துவிடும். விழுந்த இடத்தை விட்டு நகராமல் கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது போன உடம்பு மூச்சு விடும், கண்ணைக்கூடத் திறக்கும். உள்ளே ஆள் இருக்காது.

சித்தியின் ஒரே மகள் காம்லா அப்படித்தான் பாங்காக் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வேலை செய்யும் பெரிய கடையின் வாசலில் மோட்டார்சைக்கிள் மோதித் தலையில் அடி. வீக்கம் வடிந்துவிட்டது, காயம் ஆறிவிட்டது. கண்கள் திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி போனது.

சின்ன வயது டாக்டர், நல்ல மாதிரி. “எழுந்திருக்கலாம்மா. எழுந்திருக்காமலும் போகலாம். இங்க நாங்க செய்யறதுக்கு இனிமே எதுவும் இல்ல. நாளைக்குக் காலையில உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பிடறோம்,” என்றார்.

சித்திக்கு அந்த ‘நாளைக்கு’தான் நெஞ்சில் அடித்தது. உடம்பு காலசினுக்குப் போய்விட்டால் குவான் பாங்காக்கிலேயே நின்றுவிடும். அதற்கு நெடுஞ்சாலை தெரியாது. பஸ் ஏறத் தெரியாது.

அன்று பொழுது சாய்வதற்குள் அள்ளியாக வேண்டும். ஆனால் அள்ள வேண்டிய இடம் அந்தக் கடையின் முன்வாசல்.

அந்தக் கடையில் காம்லா என்று யாரும் இல்லை. முகப்பூச்சு விற்கும் மேசைக்குப் பின்னால், சட்டையில் ‘மிலின்’ என்ற பெயர்த் தகடோடு நின்றவள்தான் உண்டு. காம்லாதான் அந்த மிலின். மிலினுக்குச் சொந்த ஊர் பாங்காக்கை ஒட்டிய நோந்தபுரி. மிலினுடைய அம்மா கேக் கடை வைத்திருக்கிறார். மிலின் வெள்ளையாக இருப்பாள், பாங்காக்காரி மாதிரியே மெதுவாகப் பேசுவாள். அவளோடு வேலை செய்யும் பெண்கள் யாராவது பேச்சில் தடுமாறினால் “ஏய் லாவ்” என்று, எங்கள் பக்கத்துச் சனங்களை இளக்காரமாகச் சொல்லும் வார்த்தையால், ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வார்கள். மிலினும் கூடச் சிரிப்பாள். இதையெல்லாம் அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், பெருமையும் பயமுமாக.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சித்தி பாங்காக்குக்கு வந்தது பதினேழு வயதில், வீட்டு வேலைக்கு. முதல் நாள் அவள் வாயைத் திறந்ததும் அந்த வீட்டுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எஜமானியம்மா, “உன் காட்டுப் பேச்சை மூட்டை கட்டி வை, குழந்தைகளுக்கு ஒட்டிக்கும்,” என்றாள். சித்தி மூட்டை கட்டினாள். புருஷன் விட்டுப் போன பிறகு தள்ளுவண்டியில் பப்பாளிக்காய் இடித்து விற்க ஆரம்பித்தபோதும், மேலே நாற்றமில்லாத பாங்காக் பக்குவம்தான். எங்கள் ஊர்ப் புளித்த மீன் பாதேக் இருக்கும் சாடி, துணி சுற்றிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். நம்மாள் என்று முகம் பார்த்துத் தெரிந்தால் மட்டும் கரண்டி கீழே போகும். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட முதல் நாள் வாசலில் குனிந்து சொன்னாள்: “வீட்டுப் பேச்சு பேசினே, உதட்டுல சூடு வைப்பேன்.” அந்தப் பிள்ளை பிறகு வீட்டிலும் பேசவில்லை. பாதேக் சாடியைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “மூடும்மா, யூனிஃபார்ம்ல ஏறிடும்,” என்பாள்.

“நான் அங்க போய் நம்ம பேச்சுல கூப்பாடு போட்டா, நாளைக்கு அவ எந்திரிச்சு எந்த மூஞ்சியோட வேலைக்குப் போவா?” என்றாள் சித்தி.

“எந்திரிக்கட்டும் சித்தி முதல்ல.”

“அதுக்குத்தான் மெதுவாக் கூப்பிடலாம்னு பாக்கறேன்.”

அவித்த முட்டை, வாழைப்பழம், ஒட்டரிசிச் சோற்று உருண்டை, காம்லா வீட்டில் போடும் பழைய சட்டை, சாமந்திப் பூ. எல்லாவற்றையும் சோற்றுக்கூடையில் வைத்து நான் எடுத்துக்கொண்டேன். சித்தி வேலைக்குப் போகிறவள் மாதிரி தலையை அழுத்தி வாரி, வலையைக் குடை போல உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கடைவாசலில் பளிங்குத் தரை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து மூடியது. குளிர்காற்று வந்து வந்து போனது. சித்தி குனிந்து, வலையைத் தரையில் இழுத்து, உதடு அசைவது தெரியாமல், பாங்காக் பேச்சில், “மிலின், வாம்மா, வீட்டுக்குப் போகலாம்,” என்றாள். விருந்தாளியைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. இரண்டாவது முறை அள்ளும்போது ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி செல்போனைத் தூக்கினாள்.

காவலாளி ஓடி வந்தார். “மேடம், இங்க இதெல்லாம் செய்யக் கூடாதுங்க. வழி விடுங்க.”

“ஒரே ஒரு தரம் தம்பி. இன்னும் ஒரு தரம்.”

அதற்குள் கதவு திறந்து ஒரு பெண் வந்தாள். முகமெல்லாம் பூச்சு மினுங்கியது. மிலினுடைய பக்கத்து மேசைக்காரி ஜேன். ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை பூ அனுப்பியவள். முன்வாசலில் அடிபட்டதாக எங்களுக்குப் போனில் செய்தி சொன்னதும் இவள்தான்.

“யாரு நீங்க? மிலினுக்காகவா இது?” என்று கேட்டவள் சட்டென்று, “நீங்க... மிலினோட அம்மாவா?” என்றாள்.

சித்தி நிமிர்ந்தாள். வெயிலில் கறுத்த கை, விரல் இடுக்கில் மிளகாய் ஏறிய சிவப்பு, கையில் மீன்வலை.

“இல்லீங்க பாப்பா. நான் அவங்க வீட்டு வேலைக்காரி. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, என்னை அனுப்பி வச்சாங்க.”

நான் வாயைத் திறக்கப் போனேன். சித்தி கூடையோடு சேர்த்து என் கையை நசுக்கினாள்.

“பாவம். எங்க போனாலும் உங்க சனங்க இந்த மாதிரி...” என்று ஜேன் சொன்னாள். இரக்கமாகத்தான் சொன்னாள். “சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்கு வரேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க.”

மூன்றாவது முறை அள்ளி, வலையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சித்தி நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பிறகு வலையைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு எறும்புகூட இல்லை. இருந்திருந்தால், சின்னப் பூச்சி ஏதாவது ஏறியிருந்தால், வந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

“வரலடி.”

“நம்ம பேரும் நம்ம பேச்சும் இல்லாமக் கூப்பிட்டா எப்படி வரும்?”

“பெத்தவ இல்லேன்னு சொன்னேன் பாரு, அதைக் கேட்டுருக்கும்.” அவள் குரல் உடைந்தது. “என் வாயாலயே விரட்டிட்டேன்.”

பின்னால் பூட்ஸ் சத்தம். அந்தக் காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். இப்போது வேறு ஆள் மாதிரி, எங்கள் பேச்சில் பேசினார்.

“யக்கா, அந்தத் தரையில எத்தனை தரம் அள்ளினாலும் ஒண்ணும் வராது. அவ அங்க விழல.”

சித்தி அவரையே பார்த்தாள்.

“நான் புன்மா. நம்ம பக்கந்தான், யசோதோன்காரன். உங்க பொண்ணு விழுந்தது பின்சந்துல. சாமான் இறக்குற எடம்.”

“பின்சந்துல அவளுக்கு என்ன வேலை?”

புன்மா தொப்பியைத் திருகினார். “மத்தியானச் சோறு. சரக்கு லிஃப்ட்ல எறங்கி வருவா யக்கா. பெருக்குற அக்காங்க, நாங்க, எல்லாம் பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காருவோம். எங்களோட உக்காந்து பப்பாளிக்காய் திம்பா. உடுப்பு மேல நாத்தம் ஏறாம இருக்கக் குப்பைப் பையை மாட்டிக்குவா, கிழிச்சு ஓட்டை போட்டு. நாங்க கேலி பண்ணுவோம், ‘மகாராணி வந்துட்டாங்கடா, கறுப்புப் பட்டு உடுத்திக்கிட்டு’ன்னு. அன்னைக்குத் தரை கழுவின தண்ணி. காய்கறி ஏத்திட்டு வந்த மோட்டார்சைக்கிள்காரன் வழுக்கிட்டு வந்து இடிச்சிட்டான். தூக்கும்போது நினைவு இருந்துச்சு. ‘முன்வாசல்னு சொல்லுங்கண்ணே, முன்வாசலுக்குத் தூக்கிட்டுப் போயிருங்க’ன்னா. தூக்கிட்டுப் போய் வச்சோம். அவ எங்ககிட்ட கேட்டுக்கிட்ட கடைசி வார்த்தை அது. அதை எப்படி மாத்திச் சொல்றது?”

சித்தி நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொய்யைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“பாதேக் போட்டா சாப்பிட்டா?”

“பாதேக் மூணு கரண்டி. மிளகா எங்களுக்கே கண்ணுல தண்ணி வரும்.”

“எங்கிட்ட கேட்டிருந்தா நான் இடிச்சுத் தரமாட்டேனா,” என்றாள் சித்தி. “பாவிமக. எங்கிட்டயும் ஒளிச்சாளே. என் சாடி வீட்டுலயேதானே இருந்துச்சு.”

பின்சந்தில் வெயில் விழவில்லை. சுவரோரம் குப்பைத் தொட்டிகள், கவிழ்த்த பெட்டிகள், இரும்பு ஷட்டர், சாக்கடை மூடி. பெருக்குகிற பெண்கள் வலையைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்கள். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒருத்தி ஒரு கறுப்புப் பையைக் கொண்டுவந்து, கூடையில் இருந்த காம்லாவின் சட்டைமேல் வைத்தாள். கழுத்துக்கு ஒன்றும் கைக்கு இரண்டுமாகக் கிழித்த ஓட்டைகள்.

சித்தி செருப்பைக் கழற்றினாள். புன்மா காட்டிய இடத்தில் வலையை வைத்தாள். முதலில் குரல் வரவில்லை. எத்தனையோ வருஷம் உரக்கப் பேசாத பேச்சு. பிறகு வந்தது, அந்தச் சந்து முழுக்க மோதியது.

“காம்லா! ஏ என் காம்லா! வாடி குவானே! ஷட்டருக்குக் கீழ ஒளிஞ்சிருந்தாலும் வா, சாக்கடைக்குள்ள பயந்து கெடந்தாலும் வா! வண்டி போயிருச்சு, பயப்படாதே! சூடு வைக்கமாட்டேன் வாடி! உங்கம்மா வந்திருக்கேன், காலசின்காரி, பாதேக்காரி, உன்னைப் பெத்தவ வந்திருக்கேன்! வா என் தங்கமே, வந்து வலையில உக்காரு!”

மேலே ஏதோ ஒரு ஜன்னல் திறந்தது. சித்தி நிறுத்தவில்லை. மூன்று முறை அள்ளி வலையின் வாயைப் பிடித்து இறுக்கினாள். “வந்துச்சா?” என்று நான் வழக்கப்படி கேட்டேன்.

“வந்துருச்சு! வந்துருச்சு!” என்று புன்மாவும் அந்தப் பெண்களும் ஒன்றாகச் சொன்னார்கள். ஒருத்தி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேல்ஜன்னலைப் பார்த்து, “என்ன பாக்கற, உள்ள போ!” என்று பாங்காக் பேச்சில் கத்தினாள்.

டாக்ஸியில் வலைப்பிடி உள்ளே அடங்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், ரேடியோவை அணைத்தார். ஆஸ்பத்திரி வரை பள்ளத்தில் இறக்காமல் ஓட்டினார். எந்த ஊர் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

காம்லா அதே மாதிரி கிடந்தாள், கூரையைப் பார்த்துக்கொண்டு. சித்தி வலையை அவள் நெஞ்சின் மேல் கவிழ்த்து அவிழ்த்தாள். குவான் மறுபடி கழன்று போகாமலிருக்க, வெள்ளை நூலை அவள் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள். நானும் ஒன்று கட்டினேன். பிறகு முட்டையை உரித்தாள். குவான் வந்திருந்தால் முட்டை முழுசாக, குழியில்லாமல் இருக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் கட்டைவிரல் அழுந்தின மாதிரிப் பள்ளம். நான் பார்த்துவிட்டேன். சித்தி அந்தப் பள்ளத்தை விரலால் மூடிக்கொண்டு, முட்டையை மகளின் உள்ளங்கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“லா, அம்மாடி. லா.”

ஒன்றும் இல்லை. சோற்று உருண்டையை அவள் மூக்கருகில் பிடித்தாள். பாதேக் சாடியில் தொட்டு எடுத்து வந்திருந்தாள் போலிருக்கிறது. நர்ஸ் முகத்தைச் சுளித்து, “என்னம்மா நாத்தம் இது, வெளிய கொண்டு போங்க,” என்றாள். சித்தி கொண்டு போகவில்லை. மடியில் மறைத்துக்கொண்டாள். ஜன்னலில் வெயில் சாய்ந்தது. காலையில் ஆம்புலன்ஸுக்கு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். சித்தி தலையைக் கட்டில் கம்பியில் முட்டிக்கொண்டாள், சத்தம் வராமல், திரும்பத் திரும்ப.

அப்போதுதான் நடையில் குதிகால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜேன். கையில் பூ, வாசனை முன்னால் வந்தது. சித்தி விருட்டென்று எழுந்து, கட்டிலை விட்டு விலகிச் சுவரோரம் போய்க் கைகட்டி நின்றாள். மத்தியானம் சொன்ன வேலைக்காரியாக.

“மிலின்,” என்றாள் ஜேன், வாசலிலிருந்தே. “மிலின், நான் வந்திருக்கேன்.”

போர்வையின் மேல் கிடந்த கை அசைந்தது.

முட்டை உருண்டு தரையில் விழுந்தது. நூல் கட்டின அந்த மணிக்கட்டு மெதுவாக, மிகவும் சிரமப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. போர்வையின் விளிம்பைத் தேடியது. தேடிக் கண்டுபிடித்து, நூலோடு உள்ளே போய் மறைந்துகொண்டது.

“கை அசைக்கிறா! நர்ஸ்!” என்று ஜேன் கத்தினாள்.

சித்தி சுவரை விட்டு வரவில்லை. தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். “வந்துட்டா,” என்று எங்கள் பேச்சில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். “வெக்கப்படறா பாரு. எம் புள்ளதான். வந்துட்டா.”

ஜேன் திரும்பிப் பார்த்தாள். சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்ட அந்தப் பெண்ணை வெகுநேரம் பார்த்தாள். எந்த வீட்டு வேலைக்காரியும் அப்படி அழமாட்டாள்.