கதவுக்குப் பின்னால் லிப்ட் இல்லை

பல ஊர் சுற்றிவிட்டு, கோட்டாறில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தேன். லிப்ட், மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் என் அறைத்தோழன் செல்வின் பொறுப்பு. லிப்ட் வராமலே மூன்றாம் மாடிக் கதவு திறந்துகொண்டிருந்தது. ஒருநாள் செல்வின், "புதுப் பூட்டு மாட்டியாச்சு மக்கா, தைரியமா ஏறு" என்றான்.

மறுநாள் துவைத்த விரிப்புகளோடு மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து கால் வைத்தேன். உள்ளே லிப்ட் இல்லை. கதவுக் கம்பியைப் பிடித்துத் தப்பினேன். விரிப்புகள் அடியில் போய் விழுந்தன.

"ஏலே, பூட்டு மாட்டலியா?" என்று செல்வினைப் பிடித்துக் கேட்டேன்.

"சீசன் முடியட்டும்னு மொதலாளி சொன்னாரு. பூட்டுக்குப் போற ஒயரை முறுக்கி, பூட்டு இல்லாமலே லிப்டை ஓடவிட்டேன். உங்கிட்டச் சொன்னா ஊருக்கே சொல்லிருவியே!"

அவன் மட்டும் படியில் ஏறி இறங்கியது அப்போதுதான் உறைத்தது.

லிப்ட் மெயினை அணைத்து, தங்கியிருந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பெட்டியோடு கிளம்பினேன். இப்போது எந்தக் கட்டடத்தில் யார் பழுது பார்த்தாலும், கழற்றிய பழைய பாகத்தை என் கையில் வாங்கிப் பார்க்கிறேன். ஒரே அறையில் தங்குபவனாக இருந்தாலும் கேட்கிறேன்.